பதினாலு கால் வீட்டுமாப்பிள்ளை

வாங்க அண்ணாச்சி, இப்படி உக்காருங்க. அந்த பெஞ்சு ஆடும், இதுல உக்காருங்க. உவரியில இருந்து பஸ்ஸுல இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க, ஒரு டீ கூடக் குடிக்காம நேரா வீட்டுக்குப் போனா நல்லாவா இருக்கும்? நான்தான் பெர்க்மான்ஸ். ஆன்சியோட அப்பா. நிச்சயத்தன்னைக்கு நீங்க மஸ்கட்டுல இருந்தீங்க, அதான் என்னைய அடையாளம் தெரியல. நீங்க ரீகனுக்குத் தாய்மாமன். கல்யாணத்தை நிறுத்த வந்திருக்கீங்க. எப்படித் தெரியும்னு பாக்குதீங்களா? ஒரு சீப்பு பழம் கூட இல்லாம ரெண்டு கையையும் வீசிக்கிட்டு வாற தாய்மாமன் வேற எதுக்கு வருவாரு?

பரவால்ல, நிறுத்துங்க. நல்லா நிறுத்துங்க. கோயில்ல முதல் ஓலை வாசிச்சாச்சு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு சாமியாரு மைக்குல கேட்டாச்சு. வாற ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை. அதுக்கு முந்தியே வந்துட்டீங்க பாருங்க, அது உங்க மரியாதை. ஆனா என் பொண்டாட்டி ஜெசிந்தாகிட்ட போயி அதைச் சொல்லுததுக்கு முன்னாடி, எதுக்காக நிறுத்துதீங்கன்னு உங்களுக்கு ஒழுங்காத் தெரியணும்லா? உங்க ஊருல ஆளுக்கு ஒரு கதை சொல்லியிருப்பாவ. கடல்ல ஒரு பூச்சி கெடைச்சுச்சாம், அதுக்கு பெர்க்மான்ஸு பேரு வச்சானாம், அந்தப் பேரைக் கேட்டு மாப்பிள்ளை மிரண்டுட்டானாம். பேரு வச்சது நான்தான். இல்லைன்னு சொல்லல. யாரை நெனச்சு வச்சேங்கதுலதான் ஊரே தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அலையுது.

மாஸ்டர், ரெண்டு டீ. அண்ணாச்சிக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடுங்க, கோவமா இருக்காவ.

நான் இந்தத் துறைமுகத்துல ஏலக்காரன். ஏலக்காரன்னா சத்தம் போடுதவன்னு நெனப்பீங்க. சத்தம் காக்காயும் போடும். ஏலக்காரனோட வேலை பேரு சொல்லுதது. கூடையில என்ன கெடந்தாலும் கண்ணை மூடித் தொறக்குததுக்குள்ள அதுக்கு ஒரு பேரு வாயில வரணும். 'தெரியல'ன்னு ஒரு ஏலக்காரன் சொன்னான்னா அன்னைக்கே தோள்ல கெடக்க துண்டை உதறிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போயிரலாம். பேரு இல்லாத மீனை எவன் வாங்குவான்? வாங்கிட்டுப் போயி, இது என்ன மீனுன்னு பொண்டாட்டி கேட்டா என்ன சொல்லுவான்?

முன்ன மாதிரி இல்ல அண்ணாச்சி இப்ப. முன்ன கரைக்குப் பக்கத்துல பிடிச்சான், தாத்தன் பேரு வச்ச மீனே திரும்பத் திரும்ப வந்துச்சு. சாளை, நெத்திலி, பாரை, ஊளின்னு கண்ணை மூடிக்கிட்டு ஏலம் சொல்லலாம். இப்ப தங்குகடல் போட்டெல்லாம் பத்து நாளு, பதினஞ்சு நாளுன்னு போயி, சூரியன் போயி எட்டிப் பாக்காத ஆழத்துல வலையை எறக்குதான். அங்க கெடக்கதெல்லாம் ஆண்டவர் யாருக்கும் காட்ட வேண்டாம்னு ஒளிச்சு வச்ச சரக்கு. அதை அள்ளிக்கொண்டாந்து என் முன்னால கொட்டிட்டு, 'பெர்க்மான்ஸண்ணே, பேரு சொல்லுங்க'ன்னு நிப்பான்.

சொன்னேன். எல்லாத்துக்கும் சொன்னேன். ஒரு மீனு வந்துச்சு, உடம்பே வாயி. தலையில ஒரு தூண்டில் முளைச்சு அதுக்கு நுனியில லைட்டு. இருட்டுல லைட்டைப் போட்டுக்கிட்டு வாயைத் தொறந்து சும்மா நிக்குமாம், வாறதெல்லாம் தானா உள்ள விழுமாம். இன்ஸ்பெக்டர் மீனுன்னு பேரு வச்சேன். ஒரு நண்டு வந்துச்சு, ரெண்டு கையையும் மூஞ்சிக்கு முன்னால மூடி வச்சுக்கிட்டு நான் ஒண்ணையும் பாக்கலன்னு உக்காந்திருந்துச்சு. சாட்சி நண்டு. மீசையே இல்லாம தட்டையா ஒரு சிங்கி றாலு, அது சேவிங் சிங்கி. அதையெல்லாம் ஓட்டல்காரனுவ பேரைச் சொல்லிக் கேட்டு வாங்குதானுவ. சிலுவை நண்டுக்குச் சிலுவை அது முதுகுலயே இருக்கு, அதுக்குப் பேரு வைக்க அறிவு வேண்டாம். சாட்சி நண்டுக்கு அறிவு வேணும்.

சரி, அந்தப் பூச்சிக்கு வாரேன். அதுக்கு முன்னால கஸ்பாரைப் பத்திச் சொல்லணும். கஸ்பாரு யாருன்னா என் தங்கச்சி அமலியோட புருசன். தெக்குத் தெருவுல எங்க அப்பா வீட்டுல இருக்கான். புரியுதா? எங்க அப்பா கட்டுன வீடு. அமலி தலைப்பிரசவத்துக்கு வந்தா, அவ பின்னாலயே இவன் ஒரு பையைத் தூக்கிக்கிட்டு வந்தான். பிள்ளையைப் பாத்துட்டுப் போவான்னு நெனச்சோம். அந்தப் பிள்ளை இப்ப காலேஜு முடிச்சுட்டு. இவன் இன்னும் பிள்ளையைப் பாத்து முடிக்கல. அங்கேயே தின்னு, அங்கேயே தூங்கி, எங்க அப்பா சாய்வு நாற்காலியில காலை நீட்டிக்கிட்டு பேப்பர் படிக்கான். இதுக்கு என்ன பேரு அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்ல மாட்டாவளா?

உங்க பார்வை எனக்குப் புரியுது. நீயும் உன் பொண்டாட்டி வீட்டுலதானே இருக்கேன்னு கேக்குதீங்க. எல்லாரும் இதைத்தான் கேக்கான், யோசிக்காம கேக்கான். நம்ம கதை வேற. ஜெசிந்தா வீட்டுக்கு ஒத்தப் பிள்ளை. கல்யாணம் ஆன புதுசுல என் மாமனாருக்குக் கால் விழுந்துட்டு. கூடமாட ஒரு ஆம்பளை வேணும், ரெண்டே மாசம்னு கேட்டாவ. ஒரு டிரங்குப் பெட்டியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனேன். பெட்டியைத் தொறந்து துணியைக் கூட அலமாரியில வைக்கல, ரெண்டு மாசத்துக்கு என்னத்துக்குன்னு. அதுக்கு இப்ப இருபத்து நாலு வருசம் ஆவுது. மாமனாரு செத்தே பதினஞ்சு வருசம் இருக்கும். நடுவுல பிள்ளை பொறந்துச்சு, மழை வந்துச்சு, சுனாமி வந்துச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணு. நான் அங்க இருக்கேன், அம்புட்டுத்தான். தங்குகடல் போறவன் கடல்லயா குடியிருக்கான்? நான் தங்கியிருக்கேன். கஸ்பாரு குடியேறிட்டான். வித்தியாசம் இருக்கா இல்லையா?

டீயைக் குடிங்க, ஆறிப்போவுது.

அன்னைக்குக் காலையில தெக்குத் தெரு வழியா வாரேன். எங்க அப்பா வீட்டு வாசல்ல கொத்தனாரு நிக்காரு. சுவத்துல பளிங்குக் கல்லு பதிக்காரு. கல்லுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'கஸ்பார் இல்லம்'. எங்க அப்பா பேரு இல்ல. என் பேரு இல்ல. அமலி பேரு கூட இல்ல. கஸ்பாரு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், என்னையப் பாத்து 'மச்சான், நேரா இருக்கா பாருங்க'ன்னு கேக்கான். நேரா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்னத்தைச் சொல்ல? வயிறு எரியுது. சைக்கிளை மிதிக்கேன், வயிறு எரியுது.

அந்த எரிச்சலோட ஏலக்கூடத்துக்கு வந்தா, அங்க கூட்டம் கூடிக் கெடக்கு. தங்குகடல் போயிருந்த பங்கிராசோட போட்டு வந்திருக்கு. இருநூத்தம்பது பாகம் ஆழத்துல அவன் வலை கடலடிப் பாறைப் பாருல மாட்டி, விட்டுட்டு வர மனசில்லாம, மறுநாளு வரைக்கும் போராடி மீட்டிருக்கான். வலைக்குள்ள மீனு நெறைய. ஆனா தூக்கிப் பாத்தா காத்து மாதிரி இருக்கு. தோலு இருக்கு, தலை இருக்கு, முள்ளு இருக்கு, உள்ள சதை இல்ல. ஒரு மீனோட வயித்தைப் பிளந்தா, உள்ள நம்ம ஆளு உக்காந்திருக்காரு.

அதைப் பாத்திருக்கீங்களா நீங்க? ஒரு சாணுக்கு மேல நீளம். வெளுத்துப்போன ஊதா நெறம். முதுகு பூரா ஓடு ஓடா அடுக்கியிருக்கும். பக்கத்துக்கு ஏழா பதினாலு காலு. கண்ணு ரெண்டும் கூலிங்கிளாசு போட்டது கணக்கா மின்னும். மூட்டைப்பூச்சி வெளிநாடு போயி நல்லா சம்பாதிச்சுட்டு ஊருக்கு வந்தா எப்படி இருக்கும், அப்படி. நண்டும் இல்ல, றாலும் இல்ல. கெழவனுவளே கிட்ட வராம எட்டி நின்னு சிலுவை போட்டுக்கிட்டானுவ.

அந்த நேரம் பாத்து மீன் ஆராய்ச்சி ஆபீசுல இருந்து சுகந்தி மேடமும் வந்திருந்தாவ. புது மீனு வந்தா போட்டோ எடுத்து, ஸ்கேல் வச்சு அளந்து, எழுதிக்கிட்டுப் போவாவ. நல்ல பிள்ளை, செருப்பைப் பாக்காம சகதியில எறங்கும். அது என்கிட்ட கேட்டுச்சு, 'அண்ணா, இதுக்கு உங்க ஊருல என்ன பேரு?'

முன்னப்பின்ன ஒருத்தனும் பாக்காத பூச்சி, அதுக்கு ஊருல ஏது பேரு? ஆனா நான் ஏலக்காரன்லா. இருநூறு பேரு சுத்தி நிக்கான். என் வாயைப் பாக்கான். எனக்கோ கண்ணுக்குள்ள அந்தப் பளிங்குக் கல்லுதான் நிக்குது.

'வீட்டுமாப்பிள்ளை'ன்னேன்.

மேடம் எழுதிக்கிட்டே, ஏன் அந்தப் பேருன்னு கேட்டாவ. 'அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்து, உள்ள இருந்தே சதையெல்லாம் தின்னுட்டு, வீடு கூடாப் போன பொறவும் வெளியேற மனசில்லாம உக்காந்திருக்கு பாருங்க, அதான்'னேன்.

சிரிச்சானுவ பாருங்க ஏலக்கூடம் அதிர. பங்கிராசு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டான். ஐஸ் உடைக்குத பொம்பளையெல்லாம் சேலையை வாயில வச்சுக்கிட்டு சிரிக்குது. நிறுத்துவானுவன்னு பாத்தா நிறுத்தல. என்னையப் பாக்கான், சிரிக்கான். திரும்பவும் என்னையப் பாக்கான், சிரிக்கான். ஒருத்தன் வந்து என் தோள்ல தட்டி, 'அண்ணே, உமக்குப் பெரிய மனசுய்யா'ன்னுட்டுப் போறான். எனக்கு அன்னைக்கு அம்புட்டுப் பெருமை. இம்புட்டு வருசத்துல நான் வச்ச எந்தப் பேருக்கும் இப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்ல.

அன்னைக்கே அதை ஒரு ஓட்டல்காரரு எடுத்துட்டுப் போனாரு. நண்டு ருசின்னாவ. மறுவாரமே போன் மேல போனு, வீட்டுமாப்பிள்ளை வந்திருக்கா, வீட்டுமாப்பிள்ளை ஐசுல இருக்கானுட்டு. அப்புறம் ஆபீசுல கலர் புத்தகம் போட்டாவ. நம்ம கடல்ல கெடைக்குத அபூர்வ உயிருங்க எல்லாம் படத்தோட. அதுல ஒரு பக்கம் பூரா நம்ம பூச்சி. வாயில நுழையாத பேரு ஒண்ணு, அதுக்குக் கீழ 'உள்ளூர்ப் பெயர்: வீட்டுமாப்பிள்ளை', அதுக்குங்கீழ 'தகவல்: பெர்க்மான்ஸ், ஏலக்காரர்'. என் பேரு அச்சுல வந்தது அது ஒண்ணுதான் அண்ணாச்சி. வேற எங்க வந்திருக்கு?

கஸ்பாருக்கு உறைச்சிருக்கணும்லா? உறைக்கல. அல்வா வாங்கிக்கிட்டு ஏலக்கூடத்துக்கே வாரான். 'மச்சான், உங்க பேரு புத்தகத்துல வந்துட்டே'ன்னு என் வாயில ஊட்டுதான். அந்த அளவுக்கு மரமண்டை. மறுநாளு அமலி போன் போட்டா. வீட்டுல எல்லாரும் சுகமான்னு கேட்டா. பொறவு, 'அண்ணே, மனசு கஷ்டமா இருந்தா இங்க வந்து நாலு நாளு இரு. மேல்பக்கத்து ரூமு சும்மாதான் கெடக்கு'ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. புருசனைப் பத்தி ஊரே சிரிக்குததுல இவளுக்குக் குத்த உணர்ச்சி, அதை மறைக்க என்னைய விருந்துக்குக் கூப்பிடுதான்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன்.

இதுக்கப்புறம்தான் உங்க ரீகன் சம்பந்தம் வந்துச்சு. நல்ல பையன். போட்டு எஞ்சின் அவன் கை பட்டா பேசும்னு நம்ம பக்கத்துலயே சொல்லுவாவ. ஆன்சிக்குப் பிடிச்சிருந்துச்சு. அது சும்மா பிடிக்கல, எனக்குத் தெரியும். போன் வந்தா மொட்டை மாடிக்கு ஓடும், எறங்கி வரும்போது மூஞ்சி வேற மாதிரி இருக்கும். ஜெசிந்தா ஒரே ஒரு கண்டிசன் போட்டா. பிள்ளை இந்த வீட்டை விட்டு வராது, மாப்பிள்ளை இங்கதான் வந்து இருக்கணும். 'எங்க அப்பா கட்டுன வீடு, ஒத்தப் பிள்ளை வழியா வந்த வீடு, பூட்டிப் போட முடியாது'ன்னா. உங்க தங்கச்சி கொஞ்சம் இழுத்தாவ, பொறவு சரின்னுட்டாவ. பையனும் சரின்னான். பாவம், சின்ன வயசு, என்னன்னு தெரியாம சரின்னுட்டான்.

முதல் ஓலை வாசிச்ச அன்னைக்கு நானும் கோயில்ல இருந்தேன். சாமியாரு உங்க ஊரு, பையன் பேரு, தகப்பன் பேரு எல்லாம் வாசிச்சு, 'திருமணத்துக்குப் பின் நம் பங்கிலேயே குடியிருப்பார்'னு ஒரு வரி சேத்தாரு. யாரு அவரை அதைச் சேக்கச் சொன்னது? ஜெசிந்தாவாத்தான் இருக்கும். உடனே பின்னால பையனுவ பக்கத்துல இருந்து ஒரு குரலு, மெதுவா, ஆனா எல்லாருக்கும் கேக்குத மாதிரி: 'பதினாலு காலா?'

கோயிலுன்னு கூடப் பாக்காம சிரிச்சானுவ. பொம்பளைங்க முக்காட்டுக்குள்ள சிரிச்சாவ. சாமியாரே புத்தகத்தைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு. மறுநாளு உங்க ஊருல அந்தப் பையனோட கூட்டாளிங்க என்ன செஞ்சானுவன்னு உங்களுக்குத் தெரியும். தெர்மாகோல் பெட்டியில ஒரு பூச்சி. ஐசு போட்டு, அதுக்கு மல்லிகைப்பூ மாலை போட்டு, பேப்பர்ல டை வெட்டி ஒட்டி, அவன் பைக்கு மேல வச்சிருக்கானுவ. அன்னைக்கு ராத்திரியே பையன் போனை எடுக்கல. ரெண்டு நாளு எடுக்கல. மூணாவது நாளு எடுத்து, 'ஆன்சி, உன்னையக் கட்டிக்கிடுதேன், அந்த வீட்டுக்கு மட்டும் என்னால வர முடியாது'ன்னு சொல்லியிருக்கான். இந்தக் கடைசிப் பாதி உங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கேன். வேண்டாம்னு மட்டும்தான் உங்ககிட்ட சொல்லியிருப்பான்.

என்னடா இது, கஸ்பாருக்கு வச்ச பேரு என் மருமகன் தலையில போயி உக்காருதேன்னு மறுநாளு காலையில நேரா ஆபீசுக்குப் போனேன். மேடம், பேரை மாத்துங்கன்னேன். என்ன பேரு வைக்கணும்னு கேட்டாவ. ராத்திரி பூரா யோசிச்சு வச்சிருந்தேன், 'கடல்ராசா'ன்னேன். மேடம் சிரிக்கல. அதான் அந்தப் பிள்ளைக்கிட்ட எனக்குப் பிடிச்சது. 'அண்ணா, அடுத்த பதிப்புல நான் மாத்திருவேன், அது பெரிய காரியமில்ல. ஆனா நான் எழுதுதது சனங்க என்ன சொல்லுதாங்களோ அதைத்தான். சனங்க வாயில நீங்க மாத்துங்க, என் புத்தகத்துல அது தானா மாறும்'னாவ.

வாயில மாத்துததுக்கு என்னைய விட்டா வேற யாரு இருக்கா? மறுநாளே கூடையில ரெண்டு பூச்சி வந்துச்சு. 'கடல்ராசா, கடல்ராசா, பாத்துக்கோங்க கடல்ராசா'ன்னு நெஞ்சு நரம்பு புடைக்க ஏலம் சொல்லுதேன். ஒரு பயல் விலை சொல்லல. ஓட்டல்காரரு கூடைக்குள்ள எட்டிப் பாத்துட்டு, 'இது வீட்டுமாப்பிள்ளைல்லாய்யா, எதுக்கு ராசாங்க?'ன்னாரு. பங்கிராசு அவருக்குப் பதில் சொல்லுதான், 'நம்ம அண்ணன் பதவி உயர்வு கேக்காரு'ன்னு. அன்னைக்கு முதல் தடவையா நான் சொன்ன ஒரு பேரு விலை போவாம கூடையிலேயே கெடந்துச்சு. திரும்ப வீட்டுமாப்பிள்ளைன்னேன். உடனே எடுத்துட்டானுவ.

சரி அண்ணாச்சி, அதைக் கூட விடுங்க. அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போனேன். ஜெசிந்தா சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தா. ஆன்சி சோறு போட்டுச்சு. அது மூஞ்சியைப் பாக்க முடியல, அழுது அழுது வீங்கிக் கெடக்கு. நான் சமாதானமா, 'எல்லாம் அந்தக் கஸ்பாரால வந்த வெனை. அவன் யோக்கியமா இருந்திருந்தா எனக்கு அந்தப் பேரே வாயில வந்திருக்காது'ன்னேன்.

அது சட்டியைக் கீழ வச்சுச்சு. 'நீங்க கஸ்பார் மாமாவையா சொன்னீங்க?'ன்னு கேட்டுச்சு.

பின்ன யாரைன்னேன்.

'நீங்க உங்களையேதான் சொல்லிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்பா. எங்க அப்பா இதை ஊரு முன்னால சொல்லுத அளவுக்கு வந்துட்டாங்களேன்னு அன்னைக்கு மாடியில உக்காந்து அழுதேன்'னுச்சு.

சின்னப் பிள்ளை. அதுக்கு என்ன தெரியும்? வீடு கூடாப் போன பொறவும்னு நான் சொன்னது எங்க அப்பா வீட்டை. சதையெல்லாம் தின்னுட்டுன்னு சொன்னது கஸ்பாரை. ஆனா இவ்வளவு பேரும் ஒரே மாதிரியா தப்பாப் புரிஞ்சுக்குவான்? ஏலக்கூடம் பூரா, கோயில் பூரா, அமலி, என் மக, எல்லாருமா? தோள்ல தட்டுனவன் கூட? அன்னைக்கு அந்தச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

எந்திரிக்காதீங்க அண்ணாச்சி. ஒரே ஒரு நிமிசம். கையைப் பிடிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நீங்க இன்னைக்கு வாறீங்கன்னு ரீகன் ஆன்சிக்குப் போன்ல சொல்லிட்டான், அதான் உங்களுக்காகக் காலையில எட்டு மணியில இருந்து இந்தக் கடையில உக்காந்திருக்கேன். வீட்டுலயே பேசியிருக்கலாம், ஆனா அங்க வச்சு இதைப் பேச முடியாது. அந்த வீட்டுச் சுவத்துல நான் இதுவரை ஒரு ஆணி அடிச்சதில்ல. ஒரு தடவை சட்டை மாட்டுததுக்கு அடிக்கப் போனேன். 'அது அப்பா கட்டுன சுவரு, கேட்டுட்டு அடிங்க'ன்னா ஜெசிந்தா. கெட்ட மனசுல சொல்லல, அவ நல்லவதான், இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சோத்துல ஒரு குறை வச்சதில்ல. நானும் கேட்டுட்டு அடிச்சிருக்கலாம். கேக்கல. சட்டையைக் கதவு மேல போட்டேன். இப்பவும் கதவு மேலதான் போடுதேன்.

ரீகனுக்கு இருபத்தேழு வயசு. இன்னும் இருபத்து நாலு வருசம் கழிச்சு அந்தப் பையனும் என்னைய மாதிரி ஒரு டீக்கடையில உக்காந்து, நான் தங்கத்தான் வந்தேன்னு முகம் தெரியாத ஒருத்தருக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. என் மகளுக்கு அவன்தான் வேணும். அவனுக்கும் அவதான் வேணும். நடுவுல நிக்குதது அந்த வீடு ஒண்ணுதான்.

அதனால வீட்டுக்குப் போயி கல்யாணம் வேண்டாம்னு சொல்லாதீங்க. 'பிள்ளையை எங்க உவரிக்கு அனுப்புததா இருந்தா ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை வாசிக்கட்டும், இல்லைன்னா பேச்சே இல்லை'ன்னு சொல்லுங்க. கறாராச் சொல்லுங்க. ஒரே ரூமு வீடா இருந்தாலும் பரவால்ல, அது அவங்க வீடு. ஜெசிந்தா ஆடுவா. அவ அப்பா போட்டோவைக் காட்டுவா. நீங்க மசியாதீங்க. தாய்மாமன் சொல்லுக்கு ஒரு கனம் இருக்குல்லா, அவளும் பிள்ளை மூஞ்சியைப் பாத்துட்டு ரெண்டு நாளுல எறங்கி வந்துருவா.

நீயே சொல்ல வேண்டியதானேங்கீங்களா? சொல்லலாம். ஆனா நான் எந்த வீட்டுல நின்னுக்கிட்டு அதைச் சொல்ல?

நீங்க முன்னால போங்க, கோயிலைத் தாண்டி மூணாவது வீடு, பச்சைக் கேட்டு. நான் ஒரு பத்து நிமிசம் கழிச்சு ஒண்ணும் தெரியாத மாதிரி வாரேன். நீங்க சொன்னதும் நானும் எதுத்துச் சத்தம் போடுவேன், என் மகளை அனுப்ப மாட்டேன்னு மேசையைத் தட்டுவேன். ஜெசிந்தா முன்னால போடணும்லா, இல்லைன்னா நான் சொல்லிக் கொடுத்தேன்னு கண்டுபிடிச்சுருவா. நீங்க அதைக் காதுல வாங்காதீங்க அண்ணாச்சி. அந்த வீட்டுல என் பேச்சை யாரும் காதுல வாங்குததில்ல, நீங்களும் வாங்காதீங்க.